சைரன் கத்தும், யாரு வருவா?

மருமவனே, பூட்டுக்கு மேல பூட்டுப் போட்டும் ஒனக்கு மனசு ஆறல. கம்பியில்லாத கள்ளன் அலாரமும் வாங்கி மாட்டியாச்சு. நல்ல காரியம். இனி குத்துக்கல்வலசைப் பக்கம் களவாணிப்பய எவனும் தல வச்சுப் படுக்க மாட்டான்.

அட்டைப்பெட்டிய வாசிச்சுக் காட்டுனியே, நூறு மீட்டர் எட்டுமாம். எட்டும், நீயும் நானும் வயக்காட்டுல ஆளுக்கொரு வரப்புல நின்னா எட்டும். ஒன் வீட்டுல ஒம்பது இஞ்சுச் சுவரு, கான்கிரீட்டுத் தூணு, இரும்பு பீரோ, கம்பிக்கதவு. இத்தனையும் தாண்டி, புறவாசல் நிலையில ஒட்டுன சின்ன டப்பா பட்டாசல்ல இருக்க அலாரப் பெட்டிகிட்டப் பேசணும்லா? பெட்டிக்குப் பக்கத்துலயே டப்பாவ வச்சுப் பாத்துட்டு "வேலை செய்யுது மாமா"ன்னு சொன்ன ஒரே ஆளு நீதான்.

நேத்து நீ சோதனை பண்ணுன அழகத் திண்ணையில இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மூலையில ஒட்டுன, ஆள் நடமாட்டம் பாக்குத வெள்ளைக் கண்ணுக்கு முன்னால நின்னு கைய ஆட்டுன, கத்துச்சு. உடனே மறுபடி ஆட்டுன, கத்தல. பழுதுன்னு முடிவு கட்டி கடைக்காரன போன்ல வைய ஆரம்பிச்சுட்ட. ஏல, அது பேட்டரியில பொழைக்குத சாமான். வெலை கொறஞ்சதுல பெரும்பாலும், ஒரு தடவை சேதி சொல்லிட்டா கொஞ்ச நிமிசம் ஒறங்கிரும். பேட்டரி மிச்சம் பிடிக்கணும்லா. வெளிய வந்து ஒரு டீயக் குடிச்சுட்டு, திரும்பப் போயி நட. நேரா அது மூஞ்சியப் பாத்து நடக்காத, குறுக்க நட. ஒடம்புச் சூடு ஒரு கட்டத்துலேர்ந்து அடுத்த கட்டத்துக்கு நகருததத்தான் அது பிடிக்கும். நேர வாரவன லேசுல பிடிக்காது. சித்திரை வெயில்ல சுவரே ஒடம்புச் சூட்டுக்கு வந்துட்டா இன்னும் மங்கிப் போகும். அதனால மார்கழிக் குளிர்ல ஒருக்கா பாத்தா போதாது, சித்திரை உச்சியிலயும் வந்து நடந்து பாரு. பெங்களூர் வேலையில அதுக்கு லீவு கிடைக்கும்லா?

அப்புறம் ஆனி, ஆடி இருக்கு. செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து பிச்சுக்கிட்டு வரும். சாரல்ல கதவு ஊறி நிலையில சேராது. கதவுல காந்தம், நிலையில டப்பா. நடுவுல ஒண்ணு ரெண்டு விரக்கடை விட்டுப்போச்சுன்னா எவனோ தொறந்துட்டான்னு அது நெனைச்சுக்கிடும். குத்தாலத்துல தண்ணி விழுதுன்னு ஊரே துண்டோட கெளம்பிப் போற நேரத்துல, ஒன் வீடு மட்டும் ஒப்பாரி வைக்கும். அந்த வெள்ளைக் கண்ணு மேல பல்லி ஊந்தாலும் போதும். இப்படி நாலு ராத்திரி சும்மா கத்துச்சுன்னு வையி, அஞ்சாம் ராத்திரி நெசமாவே கள்ளன் வந்தாலும் தெருவுல எல்லாரும் திரும்பிப் படுத்துக்கிடுவாவ.

சிம்மு விசயத்துல ஒன் கெட்டிக்காரத்தனத்த மெச்சணும். பழைய 2ஜி பெட்டிக்குள்ள ஜியோ சிம்மச் சொருகிட்டு டவர் இல்லன்னு மச்சுல ஏறி நிக்க. ஜியோவுக்கு 2ஜியே கிடையாதுப்பா, தென்காசி கோபுரத்துல ஏறி நின்னாலும் எடுக்காது. வேற சிம்மு போடு, ரீசார்ஜ் தேதிய மறக்காம எழுதி வையி. மெயின் சுவிட்ச அணைச்சுப்போட்டு எத்தன மணி நேரம் தாங்குதுன்னும் பாரு. ரிமோட்ட வீட்டுச் சாவியோட கோத்து நடை ஆணியில தொங்க விட்டுருக்கியே, அதுவும் நல்லதுதான். வாரவன் எதுக்குத் தேடி அலையணும், பாவம்.

இந்த அலாரக் கூத்தத் தொடங்கி வச்சதே அமெரிக்காவுல ஒரு பாதிரியாராம். அகஸ்டஸ் போப்னு பேரு. கதவத் தொறந்தா மின்சாரம் ஓடி மணியடிக்கிறாப்புல செஞ்சு, 1853-ல காப்புரிமை வாங்குனாரு. கர்த்தர் காப்பாருன்னு சொல்லுத உத்தியோகத்துல இருந்தவரு, பாத்துக்க.

நம்ம திருநெல்வேலிச் சீமையில அதுக்கு முந்தியே காவல்னு ஒண்ணு இருந்துச்சு. காவக்காரனுக்கு ஊரு கூலி குடுக்கும். களவு போச்சுன்னா அவன் கண்டுபிடிச்சுக் குடுக்கணும், இல்லாட்டி ஈடு கட்டணும். அவனே எடுத்துட்டு அவனே கண்டுபிடிச்சு, துப்புக்கூலியும் வாங்கிக்கிட்ட கதையெல்லாம் உண்டுங்கத விடு. ஒன் பெட்டிக்கும் ஒரு வருச வாரண்டி குடுத்திருக்கான்லா? எதுக்கு? பெட்டிக்கு. பீரோவுக்கு இல்ல.

ஆளு இருக்க வீடு எப்படின்னு பாரு. கடையம் கல்யாணிபுரத்துல 2019 ஆகஸ்ட் 11 ராத்திரி நடந்தது ஒனக்கும் தெரியும். முகமூடிக்காரப் பயலுவ ரெண்டு பேரு அரிவாளோட வந்து, வெளிய உக்காந்திருந்த பெரியவரு கழுத்துல துணியப் போட்டு இறுக்கிட்டானுவ. உள்ள இருந்து அவரு வீட்டம்மா ஓடியாந்து செருப்பு, நாற்காலின்னு கையில கெடச்சதையெல்லாம் வீசுனாவ. பெரியவரும் எந்திரிச்சு வீசுனாரு. வந்தவனுவ ஓடிட்டானுவ. அந்த ஆகஸ்ட் 15-ல முதலமைச்சர் கையால வீர விருது வாங்குனாவ ரெண்டு பேரும். கேமரா அங்கயும் இருந்துச்சு, படம் பிடிச்சுச்சு. நாற்காலிய அது வீசல.

ஒன் வீட்டுல நாற்காலி கெடக்கு, வீச ஆளு எங்க? சைரன் கத்தும், போன் பெங்களூர்ல அடிக்கும். நீ பஸ் ஏறி வந்து சேருததுக்குள்ள அவன் பீரோவத் தொடச்சு வச்சுட்டுப் போயிருப்பான். கேட்டதும் எட்டிப் பாக்க முடிஞ்சவரு பக்கத்து வீட்டுக்காரரு ஒருத்தர்தான். அவருகூட வாறுகால் தண்ணிக்காக மூணு வருசமா பேச்சில்ல ஒனக்கு. அலாரத்துக்கு ஆன செலவுல பாதிய வச்சு அந்த வாறுகாலச் சரி பண்ணிட்டு, பெட்டியில மொத நம்பரா அவரு நம்பரப் போடு. சைரன் இருக்க விசயத்த அவருக்குச் சொல்லிட்டு, ஒரு பகல்ல அலற விட்டுப் பாரு. வாராரா, சன்னலச் சாத்துதாரான்னு கவனி. சோதனைன்னா அதுதான் சோதனை. ஊருக்குப் போறப்ப போலீஸ் ஸ்டேசன்லயும் வீடு பூட்டிக் கெடக்குன்னு சொல்லிட்டுப் போ.

ரெண்டாவது நம்பரா என் நம்பரப் போட்டுக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா எட்டு மணிக்கு மேல காது மெசினக் கழட்டி வச்சுருவேன், இப்பமே சொல்லிட்டேன்.