முதுகுக்குப் பின்னால் ஒரு காசு

ரோமை விட்டுக் கிளம்பும் பயணிக்கு ஒரு கடைசிச் சடங்கு உண்டு: ட்ரெவி நீரூற்றுக்கு முதுகைக் காட்டி, தோளுக்கு மேலாக ஒரு காசு எறிய வேண்டும். எறிந்தவர் திரும்பி வருவார் என்பது ஐதீகம். நகராட்சிக்கே இதில் நம்பிக்கை அதிகம் போலும்; 2024 டிசம்பரிலிருந்து ஒரே நேரத்தில் 400 பேருக்கு மேல் கிட்டே விடுவதில்லை.

மூடநம்பிக்கை என்பீர்கள். இருக்கட்டும். அந்தச் சில்லறை ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவைத் தாண்டி, காரித்தாஸ் தொண்டு நிறுவனம் வழியாக ஏழைகளுக்குச் சோறாகிறது. கொலோசியம் பொம்மை வாங்கிய காசு யார் பசியையும் ஆற்றியதாகத் தகவல் இல்லை. 'மனசை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்' என்று உருகுவோரின் மனசால் ரோமுக்கு என்ன லாபம்? மனசைப் பத்திரமாக எடுத்துப் போங்கள். காசை விட்டுவிட்டுப் போங்கள்.