இங்கிலீஷ் காய்க்கு விழுப்புரத்தில் வேலை உண்டா? – கேள்வி பதில்

வாசகர், விக்கிரவாண்டி: புரட்டாசி முடிவதற்குள் விதைப் பாக்கெட்டுகளோடு தயாராகிவிட்டேன். எதை முதலில் விதைப்பது?

முதலில் வானத்தைப் பாருங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் ‘அக்டோபர்’ பெரும்பாலும் வடநாட்டு அக்டோபர். அங்கே மழை ஓய்ந்து குளிர் தொடங்கும். நமக்கு அப்போதுதான் வடகிழக்குப் பருவமழையே தொடங்கும். ஐப்பசியில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் விதைகளை வெளிச்சம் படும் பந்தலுக்கடியில் குழித்தட்டில் போடுங்கள். ஒரு மாதத்தில் நடவுக்கு வந்துவிடும். கேரட்டும் முள்ளங்கியும் இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும். கார்த்திகையில் மழை தணிந்ததும் நேரே பாத்தியில் விதையுங்கள்.

வாசகி, மயிலம்: எங்கள் தோட்டம் ஒவ்வொரு மழைக்கும் குளமாகிறதே?

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது உங்கள் ஊரில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. வழக்கமான அடைமழைக்கு உண்டு: ஓரடி உயர மேட்டுப்பாத்தி, நடுவே வடிகால். விதையை இரண்டு பங்காக்கி, இரண்டு வார இடைவெளியில் போடுங்கள். ஒன்றை மழை கொண்டுபோனாலும் மற்றது நிற்கும்.

வாசகர், செஞ்சி: என் காலிஃபிளவர் இலை இலையாக விட்டதே தவிரப் பூ வைக்கவில்லை. ஆடுதான் தின்றது.

ஆட்டுக்குக் கொடுப்பினை! நீங்கள் வாங்கியது ‘ஸ்நோபால்’ வகையாக இருக்கலாம். அது பூக்கட்ட 10 முதல் 16 டிகிரி வேண்டும். உங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை உச்சியில் நட்டாலும் அந்தக் குளிர் கிடைக்காது. 20 முதல் 27 டிகிரியில் பூக்கட்டும் முன்பருவ வகைகளைக் கேட்டு வாங்குங்கள். பூசா மேக்னா அதில் ஒன்று.

வாசகர், திண்டிவனம்: எங்கள் மண்ணில் மல்லாட்டை (வேர்க்கடலை) நன்றாக வருகிறது. கேரட் வருமா?

டி.எம்.வி. என்று உங்கள் ஊர்ப் பெயரையே மல்லாட்டை ரகங்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள், அப்புறம் மண்ணைப் பற்றி என்ன சந்தேகம்? பொலபொலவென்ற மண் கேரட்டுக்கும் பிடிக்கும். கல்லைப் பொறுக்கிவிடுங்கள். பச்சைச் சாணம் போடாதீர்கள், கிழங்கு கவை கவையாகப் பிரியும். வெயில் கூடினால் நிறம் வெளுக்கும். ஊட்டிச் சிவப்பை எதிர்பார்க்காதவருக்கு ஏமாற்றமில்லை.

வாசகி, கோலியனூர்: ஒரு பீட்ரூட் விதை போட்டால் மூன்று செடி முளைக்கிறது. கடைக்காரர் தாராளமா?

தாராளம் பீட்ரூட்டுடையது. நாம் விதை என்று நினைப்பது பல விதைகள் ஒட்டிய காய்க்கொத்து. திடமான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளியதைக் கீரையோடு சேர்த்துக் கடையலாம்.

வாசகர், மரக்காணம்: உப்பளத்துக்குப் பக்கத்து மண். நான் ஆசைப்படலாமா?

பீட்ரூட்டுக்கு ஆசைப்படலாம், வளர்ந்தபின் உப்பைத் தாங்கும். முளைக்கும்வரை மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பீன்ஸும் கேரட்டும் உப்பைக் கண்டாலே சுருண்டுவிடும். அவற்றை நல்ல மண் நிரப்பிய தொட்டியில் வையுங்கள்.

வாசகி, வளவனூர்: முட்டைக்கோஸை எனக்கு முன்பே புழு சாப்பிட்டுவிடுகிறது.

புழுவுக்குத் தனி இலை போடுங்கள். கோஸ் நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே ஓரத்தில் கடுகு விதைத்தால், வைரமுதுகு அந்துப்பூச்சி அங்கே போய் முட்டையிடும். கடுகுக்கு மட்டும் மருந்தடித்தால் போதும்.

வாசகர், வானூர்: ஒரே ஒரு செடிக்குத்தான் இடம். எது?

அவரைக்கொடி. இத்தனை கேள்வியிலும் யாரும் அதைக் கேட்கவில்லை பாருங்கள்! ஆடியில் ஊன்றினால், பகல் குறுகும்வரை கொடி மட்டும் ஓடும். பனி இறங்கும் நேரத்தில் பூத்துக் காய்த்துத் தள்ளும். ஆடியைத் தவறவிட்டீர்களா? குத்தவரை போடுங்கள், அது பகலின் நீளத்தைப் பார்ப்பதில்லை. இங்கிலீஷ் காய்க்கு நம் ஊர்க் குளிர் போதுமா என்று கவலைப்பட வேண்டும். அவரைக்கு அந்தக் கவலையே கிடையாது.