மூட்டச் செலவில் சேராத பூட்ஸ்

எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் வீட்டில் உலை வைத்தது சீமைக்கருவேல்தான். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா கரிமூட்டம் போடப் போவார். கையில் கோடாலி, காலில் டயர் செருப்பு. கருவேல முள் அந்த டயரையும் துளைத்து ஏறும். அம்மா எருக்கம்பால் வைத்துக் கட்டுவாள். குதிகால் சீழ் வைத்துவிட்டால் வேலை இல்லை, கூலி இல்லை. வாங்கிய முன்பணம் மட்டும் அப்படியே நிற்கும். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகும்.

முள்ளைவிடப் பெரிய ஆபத்து மூட்டத்தின் மேலே. விறகை அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மண் பூசித் தீ வைத்தால் நாள்கணக்கில் உள்ளே வேகும். எங்காவது மண் உள்வாங்கிக் காற்றுப் புகுந்தால் கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். ராத்திரியானாலும் மேலே ஏறி அடைக்க வேண்டும். கால் பிசகினால் கீழே நெருப்பு. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது.

இப்போது மெஷின் வாள் வந்துவிட்டது. தூரை ஜேசிபி தோண்டுகிறது. கூலி செல்போனில் ஏறுகிறது. வெட்டுகிறவர் காலில் மட்டும் ரப்பர் செருப்பு. பூட்ஸும் கையுறையும் தண்டச் செலவாம்.

இதே ஊர்ப் பையன்கள் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனால் பூட்ஸும் ஹெல்மெட்டும் கட்டாயம். அங்கே 2004இல் நிக்கல் நெடுஞ்சாலைச் சுரங்கப்பணி சரிந்து 4 பேர் இறந்தபின் சட்டத்தை இறுக்கினார்கள். அந்த ஆண்டு வேலையிடத்தில் இறந்தவர்கள் லட்சம் தொழிலாளர்களுக்கு 4.9 பேர், 2023இல் 0.99. அதனால் அங்கே தொழில் ஒன்றும் படுத்துவிடவில்லை.

விபத்தாலும் தொழில்நோயாலும் உலக மொத்த உற்பத்தியில் சுமார் 4 சதவீதம் வீணாகிறது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு. எங்கள் ஊரில் அந்த நஷ்டம் மூட்டக்காரர் நோட்டில் ஏறுவதே இல்லை. கூலிக்காரர் வீட்டு வட்டியாக ஏறுகிறது. அதனால்தான் அப்படி ஒரு செலவே இல்லாததுபோலத் தெரிகிறது.

பூட்ஸும் கையுறையும் சில நாள் கூலிக்குள் அடங்கும். முள் குத்தியவர் ஒரு வாரம் படுத்தால் அதைவிடக் கூடுதலாகப் போய்விடும். பழகிய ஆள் இல்லாமல் மூட்டமும் கெடும். லாரி வாடகை, சாக்கு விலையோடு இதையும் மூட்டச் செலவில் முதலிலேயே எழுத வேண்டும். கரி வாங்குகிறவர்களும் அதற்குரிய விலையைத் தர வேண்டும்.