ஓடிப்போன நடுப்பிள்ளை

டார்ச் செல் தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவது, அதற்கும் எழுந்திருக்கவில்லை என்றால் கல்லில் வைத்து உடைப்பது: எங்கள் தலைமுறையின் விஞ்ஞானப் படிப்பு இவ்வளவுதான். உள்ளே நடுவில் ஒரு கரிக்குச்சி, சுற்றிலும் சட்டையெல்லாம் அப்பிக்கொள்ளும் கறுப்புத் தூள். அதையும் கரி என்றே நம்பி வீட்டில் அடி வாங்கினோம். அது மாங்கனீசு டையாக்சைடு என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக வாங்கியிருக்கலாம்.

கொல்லிமலையின் எடப்புளி நாட்டுக்குப் போக, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினேன். நான் ஒரு வளைவில் இருந்தால் வயிறு முந்தைய வளைவில் இருந்தது. அது வந்து சேரட்டும் என்று ஓரமாக நின்றபோது, சாலைக்காக வெட்டிய பாறையைப் பார்த்தேன். வெங்காயம் மாதிரி தோல் தோலாக உரிந்திருந்தது. விரிசலில் கண்மை தீட்டியது போல ஒரு கறுப்பு. தேய்த்தால் விரலில் ஒட்டியது. அட, நம்ம டார்ச் செல்!

இது 250 கோடி வருஷத்துக் குடும்பச் சண்டை. பூமிக்கு அடியில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலே வெந்து பிறந்த பாறை கொல்லிமலை. அந்த வீட்டில் பல பிள்ளைகள். நமக்கு மூன்று பேர் போதும்: மூத்தவன் இரும்பு, நடுவுள்ளவன் மாங்கனீசு, கடைக்குட்டி அலுமினியம்.

பாறையின் பெயர் சார்னாக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக்கு நம் பல்லாவரத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல்காரர் அதைப் பார்த்து, படுத்திருந்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகச் சாய்த்த மலை இது. தாதுவுக்கு இங்கிலீஷில் 'ஓர்' என்று பெயர் வேறு. 'ஓரைட்' என்று வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொல்லி அடியில் வெந்து ஆறிக்கொண்டிருந்த காலத்தில், மேலே கடலில் ஒரு கல்யாணம். நீலப்பச்சைப் பாசிகள் ஆக்சிஜன் என்ற புது விருந்தைப் பரிமாறத் தொடங்கின. கடலில் கரைந்து கிடந்த இரும்பு, இலையைப் பார்த்ததும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தான், துருவாகப் படிந்தான். மாங்கனீசோ தாய்மாமன் ரகம். "இவ்வளவு ஆக்சிஜன் போதாது, தனியாக வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடு" என்று கரைந்தபடியே முறுக்கிக்கொண்டு நின்றான். ஆக்சிஜன் நிறையச் சேர்ந்த பிறகே இறங்கிவந்து, மூத்தவனை விட்டுத் தள்ளி, தனி இலை போட்டு உட்கார்ந்தான். மாங்கனீசு தனிச் சுரங்கமாகக் கிடைப்பது இந்த வீம்பால்தான். தென்னாப்பிரிக்காவின் கலஹாரியில் அவன் படிந்தது அப்படி ஒரு பந்தி. நம் மத்திய இந்தியாவில் அப்படிப் படிந்தவனை பூமி மறுபடி வேகவைத்தது. லூயிஸ் ஃபெர்மார் 1909-இல் இந்திய மாங்கனீசைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் போட்டவர். அப்படி வெந்த கல்லுக்கு கோண்டு மக்களின் பெயரால் 'கோண்டைட்' என்று சூட்டினார். கோண்டுகளுக்குப் பெயர் வந்தது. தாது எங்கே போனது என்று கேட்கக்கூடாது.

கொல்லிக்கு வருவோம். மேலிருந்த பாரமெல்லாம் கரைந்து மலை வெளியே தலைகாட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சோடியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் முதல் மழைக்கே மூட்டை கட்டின. சிலிக்காவும் மெதுவாக நழுவியது. மூத்தவன் செம்மண்ணாகத் திண்ணையில் சாய்ந்தான். புளித்த, ஆக்சிஜன் குறைந்த தண்ணீர் கிடைத்த இடமெல்லாம் நடுவுள்ளவன் கரைந்து கிளம்பினான். ஓடுகிற அவசரத்தில் விரிசலில் ஒட்டியதுதான் என் விரலில் இருந்த கறுப்பு. ஐயாற்றில் இறங்கி, காவிரியில் ஏறினால் வங்காள விரிகுடா. பஸ்ஸே தேவையில்லை.

கடைக்குட்டி மட்டும் நகரவில்லை. எத்தனை மழை அடித்தாலும் "இது என் அப்பன் வீடு" என்று மலை உச்சியின் சமதளத்தில் உட்கார்ந்தவன் பாக்சைட் ஆனான். வீட்டோடு இருந்த பிள்ளைக்குக் கிடைத்த பரிசு? மேட்டூரில் 1965-இல் அலுமினிய ஆலை ஓடத் தொடங்கியது. சேர்வராயன் மலையிலும் கொல்லியிலும் வெட்டி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். கோடிக்கணக்கான வருஷ மழையால் அசைக்க முடியாதவனை டீசல் அசைத்துவிட்டது.

ஓடிப்போனவனுக்கோ ராஜ மரியாதை. மாங்கனீசு கடலடியில் உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காகத் திரண்டு கிடக்கிறது. சிலதை உடைத்தால் நடுவில் சுறாப்பல். 10 லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளரும். நம் ஊர் பாலம் வேலை பரவாயில்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவே 75,000 சதுர கிலோமீட்டரில் அதைத் தேட இந்தியாவுக்கு உரிமை இருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் ஆழம். அங்கே இறங்க 'மத்ஸ்யா 6000' என்று, மூன்று பேர் நெருக்கி உட்காரும் டைட்டானியம் உருண்டை ஒன்றைத் தயாரிக்கிறார்கள். தயாரிப்பவர்கள் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார். சார்னாக் கல்லறைக்குக் கல் போன அதே பல்லாவரத்திலிருந்து ரேடியல் ரோட்டில் போனால், டிராஃபிக் விட்டால் அரை மணி நேரம்.