கரமனை டிஸ்க் மாமா

திருவனந்தபுரத்தில் தெருவுக்கு ஒரு பழைய தும்பாக்காரர் உண்டு. 1963-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய கடற்கரை தும்பா. அங்கே முப்பது வருஷம் ஒவ்வொரு திருகையும் மூன்று தடவை சரிபார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவருக்குத் திடீரென்று சரிபார்க்க ஒன்றும் இல்லாமல் போனால் என்ன செய்வார்? சிலர் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். சிலர் சாயங்காலம் மியூசியம் வளாகத்தைச் சுற்றுவார்கள். கரமனை அக்ரஹாரத்து மாமா மாதிரியானவர்கள் ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

"மாமா, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வெளியிலிருந்து மாட்டுகிற மாதிரி நல்ல டிஸ்க் எது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் போச்சு. ஒரு கம்பெனிப் பெயரை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தவர் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். உள்ளே மாமி இன்னொரு டம்ளருக்குப் பாலை ஏற்றுவார்.

"டிஸ்க் இருக்கட்டும் ஓய். அது செத்துப்போச்சுன்னா என்ன பண்ணுவீர்?"

இன்னும் வாங்கவே இல்லை. அதற்குள் அபர காரியம்.

அடுத்தது ஜாதகம். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க மாட்டார். "பெட்டி மேல இருக்கற பேரைப் பார்த்து மயங்காதேயும். உள்ளே கோத்திரம் மூணே மூணுதான். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங் 2011-லேயே சீகேட்டுக்கு வாக்கப்பட்டுப் போயாச்சு. ஹிட்டாச்சி 2012-ல வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கு. அந்த ஹிட்டாச்சியே ஐபிஎம் ஆத்துச் சொத்து." ஐபிஎம் என்றதும் குரல் தழுதழுக்கும். 1956-இல் அவர்கள் செய்த முதல் டிஸ்க்கில் இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது இருந்தனவாம். கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்து. இன்றைக்கு வாட்ஸாப்பில் வரும் குட்மார்னிங் வீடியோ ஒன்றுக்கே அது காணாது.

மாமாவோடு கடைக்குப் போவது தனி அனுபவம். ஓவர்பிரிட்ஜ் பக்கத்துக் கடைப் பையன், மாமா படியேறும்போதே "சாமி வந்நு!" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவான். மாமா பெட்டியைத் திருப்பித் திருப்பி, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து, தயாரித்த மாதத்தைத் தேடுவார். பெட்டியைக் காதோரம் வைத்து மெல்ல அசைப்பார்.

"மூணு வர்ஷம் வாரண்டி உண்டு, சாமீ."

"டிஸ்க்குக்கா? உள்ளே இருக்கற என் பேத்தி போட்டோவுக்கா?"

பையன் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. டிஸ்க் போனால் வாரண்டி இன்னொரு காலி டிஸ்க் தரும். பேத்தியைத் தராது. அன்றைக்கும் வாங்காமலே இறங்கினார். போகிற போக்கில் பையனுக்கு ஒரு பாடமும் நடந்தது: "உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்தறது. படிக்கற முனை அதுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல பறக்கறது. அது ஓடறச்சே மேஜையிலேர்ந்து தள்ளினா எந்தக் கோத்திரமா இருந்தா என்ன?"

2011-இல் தீர்மானமாக ஒன்று வாங்கக் கிளம்பினார் என்று மாமி சொல்வதுண்டு. அந்தச் சமயம் பார்த்துத் தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. விலை ஏறியது. இறங்கட்டும் என்று காத்திருந்தார். இறங்கியபோது, வெள்ளத்தில் நனைந்த இயந்திரத்தில் செய்ததோ என்னவோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்றொரு நிறுவனம் 2013 முதல் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை செத்தது என்று கணக்கு வெளியிட்டு வருகிறது. மாமாவுக்கு அது பஞ்சாங்கம். மாடல் எண் சொன்னால் போதும், பலன் ஒப்பிப்பார். எனக்கென்னவோ அதில் பாதி வீண் வேலை என்றுதான் படுகிறது. அவையெல்லாம் குளிரூட்டிய அறையில் இரவு பகலாக அசையாமல் ஓடும் பெரிய டிஸ்க்குகள். நம்முடையது சட்டைப் பைக்குள் போகிற சிறிசு. மிக்ஸி பக்கத்தில் தொங்கிக்கொண்டு, பேரன் கால் தட்டி விழக் காத்திருப்பது. அங்கே சாகிற காரணம் வேறு, இங்கே சாகிற காரணம் வேறு.

ஆனால் வயர் விஷயத்தில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. "செத்துடுத்து மாமா!" என்று கண் கலங்கி யாராவது டிஸ்க்கைக் கொண்டுவந்தால், முதலில் அந்தத் தட்டை முனை வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகுவார். பல பிணங்கள் அவர் திண்ணையில் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு டெராபைட் என்று வாங்கினால் 931 ஜிபிதான் காட்டுகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வருகிறவர்களையும் அவர்தான் சமாதானம் செய்து அனுப்புவார். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். தட்டு சுழலாத எஸ்எஸ்டி வாங்கலாமா என்றால், "பையில போட்டுண்டு அலையறவாளுக்கு அது. விழுந்தா பயமில்லை. வருஷக்கணக்கா கரண்ட் இல்லாம பீரோவுல தூங்கறதுக்கு ஹார்ட் டிஸ்க்தான்" என்பார்.

ஐப்பசி இடிமழையான துலாவர்ஷ காலத்தில் மாமாவைப் பார்க்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வானம் கறுத்து, முதல் இடி உருண்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். "பிளக்கைப் பிடுங்குங்கோ! டிஸ்க்கையும் கழட்டுங்கோ!" எப்போதும் கம்ப்யூட்டரிலேயே மாட்டியிருக்கும் டிஸ்க் மாற்றுப் பிரதியே இல்லை என்பது அவர் கட்சி. இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். வைரஸ் வந்தாலும் அப்படித்தான். சரியான பேச்சு. கேட்கிறவர்கள் டிவி பிளக்கை மட்டும் பிடுங்குவார்கள்.

வெளியூர் உறவினர் வந்தால் பத்மநாப சுவாமி தரிசனம் முடித்து, கோட்டையிலேயே 2022-இல் திறந்த ஓலைச்சுவடி அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போவார். கண்ணாடிக்குள் சுவடிகளைக் காட்டியபடி கணபதி சாஸ்திரி கதையை ஆரம்பிப்பார். திருநெல்வேலித் தருவைக்காரரான சாஸ்திரி இங்கே திருவிதாங்கூர் அரசின் சுவடிப் பதிப்புத் துறையில் இருந்தார். 1909-இல் பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து மணலிக்கரை மடத்தில் ஒரு பழைய ஏட்டுக் கட்டைப் பிரித்தார். காளிதாசனே பெயர் சொல்லி மதித்த பாஸனின் நாடகங்கள், தொலைந்தே போயின என்று உலகம் நினைத்தவை, மலையாள எழுத்தில் உள்ளே இருந்தன. 1912-லிருந்து அச்சேறின.

"அது பாஸன் கைப்பட எழுதின ஓலையா ஓய்? எவனோ பார்த்து எழுதினது. அவனுக்கு முன்னால இன்னொருத்தன். செல்லரிக்கும்னு தெரியும் அவாளுக்கு. எந்தப் பனையோட ஓலை நம்பகம்னு அலையலை. உட்கார்ந்து இன்னொரு பிரதி எழுதினா!"

இவ்வளவு தெளிவாகச் சொல்கிற மனுஷர் நம்பகமான பனையைத் தேடுவதை மட்டும் நிறுத்தவில்லை. கடைசியில் மகன் விடுமுறைக்கு வந்தபோது பேசாமல் மூன்று டிஸ்க் வாங்கி மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அதுவும் வேறு வேறு கோத்திரத்தில். மாமாவுக்கு உற்சாகம் பொங்கியது. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வெளியூரில் என்கிற 3-2-1 விதியை இத்தனை நாள் திண்ணையில் உபதேசித்தவருக்குச் செய்துகாட்ட வாய்ப்பு. ஒரு டிஸ்க் பீரோவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. ஒன்று நாகர்கோவில் தங்கை வீட்டில், "அண்ணா, இந்த டப்பாவை எப்போ எடுத்துண்டு போவே?" என்று அவள் மாதம் ஒரு தடவை கேட்கிறாள். மூன்றாவதைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை. எழுதினால் தேயுமாம். பத்மநாப சுவாமி கோயிலின் திறக்காத அறையை நினைத்து மாமி அதற்கு 'பி நிலவறை' என்று பேர் வைத்திருக்கிறார்.

பென்ஷன் காகிதங்கள், கேசட்டிலிருந்து மாற்றிய நவராத்திரி மண்டபக் கச்சேரிகள், மகனின் பூணூல் வீடியோ என எல்லாம் பத்திரம். எது எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில், பாஸ்வேர்டு என்ன என்பதை மட்டும் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் மாமி பென்சிலால் குறித்து வைத்திருந்தார். ஜனவரி பிறந்ததும் பழைய காலண்டர், பழைய பேப்பர் வாங்கும் ஆக்ரிக்காரர் சாக்குக்குள் போயிற்று. மாமா கரமனைப் பாலம் வரை ஓடி, எடை போட்டதற்கு மேல் பத்து ரூபாய் கொடுத்து அதை மீட்டார்.

அன்று சாயங்காலமே மூன்று புதுக் காலண்டர் வாங்கினார். ஒன்று நாகர்கோவிலுக்குப் போயிற்று.