எத்தனை உழவு மழை?

"நல்ல மழை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எங்கள் ஊரான கல்லங்குறிச்சியில் தப்பிக்க முடியாது. "எத்தனை உழவு?" என்று கேட்பார்கள். ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்திருந்தால் அது ஒரு உழவு மழை. அதற்குக் குறைந்ததெல்லாம் "தூசி அடங்குச்சு" கணக்கில் போய்விடும். தொலைக்காட்சியில் மில்லிமீட்டரில் சொல்லும்போது என் பெரியப்பா, "அந்த மழை நம்ம கொல்லையில பேஞ்சுச்சா, அவங்க டப்பாவுல பேஞ்சுச்சா?" என்பார். மழைமானி என்பது டப்பாதான் என்பதால் எனக்கு வாய் அடைத்துவிடும்.

நன்னூலார் பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகப் பிரித்தார். பெரியப்பாவுக்கு இதில் குணம் மட்டும் செல்லாது. யாரையாவது நல்லவர் என்றால், "வாங்கின மண்வெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். பேத்திக்கு வந்த வரன் மென்பொருள் துறையில் இருப்பதாகத் தரகர் சொன்னார். "அந்தப் பொருளைத் தொட்டா மெத்துன்னு இருக்குமா?" என்று கேட்டார் பெரியப்பா. தரகர் மறுவாரம் வேறு வரன் கொண்டுவந்தார், லாரி சொந்தமாக வைத்திருப்பவர்.

பெரியப்பாவிடம் மாவட்டம் என்ற சொல்லே எடுபடாது. நியாயமும் உண்டு. 1995 வரை எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் மறுபடி பெரம்பலூர். 2007-ல் மறுபடி அரியலூர். இத்தனைக்கும் பெரியப்பா திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. "மாவட்டம் மாறும்போது எனக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியல" என்பார்.

சாலைப் புழுதி பற்றி அவருக்காக ஒரு மனு எழுதினேன். 'விவசாயிகளின் வாழ்வாதாரம் வெகுவாகப் பாதிப்படைந்துள்ளது' என்று தொடங்கினேன். கிழித்துப் போட்டுவிட்டு அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்தார்: 'சோளத்தட்டை மேல வெள்ளையாப் படியுது. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது.' பதில் வந்தது: 'ஆவன செய்யப்படும்.' "ஆவனன்னா என்ன தம்பி? எத்தனை நடை வண்டியில வரும்?" என்றார். இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஊருக்கேற்ற பெருமாளும் வாய்த்திருக்கிறார். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் மூலவர் சிலையாக இல்லை. 12 அடி உயரக் கல்தூணாக நிற்கிறார், கீழே அனுமனோடு. தத்துவம் படித்த நண்பர் ஒருவர் தரிசனம் முடிந்து வெளியே வந்து, இது அருவ வழிபாட்டின் எச்சம் என்று விளக்கத் தொடங்கினார். "இதுல என்னங்க அருவம்? போய் முட்டிப் பாருங்க, நெத்தி வீங்கும்" என்றார் பெரியப்பா. தலக்கதையும் இவர் பக்கம்தான். அதில் வருபவர் ஞானத்தைத் தேடிப் போனவரல்ல, தொலைந்த சினைமாட்டைத் தேடிப் போனவர். காணிக்கையும் அப்படியே. 'மனமார்ந்த நன்றி' என்று யாரும் செலுத்துவதில்லை; விளைந்த தானியத்தைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருகிறார்கள், கன்றுக்குட்டியைக் கயிற்றோடு விடுகிறார்கள். வேண்டுதலிலும் 'வளம்' கிடையாது. கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர் ஏற வேண்டும், அவ்வளவுதான். அளந்து கேட்டால்தான் பெருமாளுக்கும் கணக்கு முடிக்க வசதி என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்டவரிடம் போய் ஏழு கோடி ஆண்டு என்றால் என்ன ஆகும்? எங்கள் ஊர்ப்பெயர் உலக நிலவியல் நூல்களில் உண்டு. இங்கே கிடக்கும் சுண்ணாம்புக்கல் அடுக்குக்கே கல்லங்குறிச்சி என்றுதான் பெயர். இந்த வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று 1862-லேயே பிளான்ஃபோர்டு என்பவர் வகைப்படுத்தினார். டைனோசர் காலத்துக் கடைசியில் இது கடல். "கூட இருந்து எண்ணுனது யாரு?" என்று கேட்டார் பெரியப்பா. பேச்சை நிறுத்தி, கல்லாய்ப்போன சிப்பி ஒன்றை அவர் கையில் வைத்தேன். திருப்பிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார். "கால் கிலோ இருக்கும்" என்றார். கடல் அந்த நிமிடமே நிரூபணமானது.

அந்தச் சிப்பிச் சுண்ணாம்புதான் சிமெண்டு ஆகிறது. அரியலூரில் அரசு ஆலையே 1979-லிருந்து ஓடுகிறது. அப்படியானால் உங்கள் தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளமும் பழைய கடல்தான் என்றேன். அண்ணாந்து பார்த்தார்.

"அதான் ஒழுகுதா?"

ஏற்கெனவே கொத்தனாரை வையத் தொடங்கியிருந்தவர், பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார். "அந்தக் கடல் எத்தனை ஆள் ஆழம்?"

ஆழம் குறைந்த கடல் என்றுதான் படித்திருக்கிறேன் என்றேன்.

"பாத்தியா! பாற்கடல்னு நம்பிப் படுத்திருப்பாரு. முதுகு தரை தட்டியிருக்கும். எந்திரிச்சு நின்னுட்டாரு."