முள்ளை ஏற்றும் கைவண்ணம்

பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை விற்க நிறுத்தியிருக்கும் பெருமகனாரே, உம் கைவண்ணம் யாருக்கு வரும்! 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.களைச் செய்தது இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலை. அந்த 1,798 சி.சி. எஞ்சினில் ரிங் தேய்ந்தால், பிஸ்டனை வெளியே எடுக்காமல் சரிசெய்ய அவர்களுக்கே தெரியாது. உமக்கோ ஒரு கரண்டி கெட்டி எண்ணெய் போதும். பிளக் துளை வழியே ஊற்றுகிறீர். ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைபடுகிறது. கம்ப்ரஷன் கேஜில் 110 பவுண்டில் தள்ளாடிய முள் 150ஐத் தாண்டி நிற்கிறது.

மெக்கானிக்குகளும் இதே எண்ணெயை விடுவார்கள், பாவம், கோளாறைக் கண்டுபிடிக்க. அளவு ஏறினால் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். கண்டுபிடிக்கும் வழியையே மறைக்கும் வழியாக்கிய மேதை நீர்.

உம் சமநோக்கும் பெரிது. ஆறிய எஞ்சின், சோர்ந்த பேட்டரி, மூடிய திராட்டில் என்று வைத்துச் சோதித்தால் நான்கு சிலிண்டர்களும் தாழ்ந்தே காட்டும். “பழைய வண்டி அப்படித்தான்” என்று எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் மன்னித்துவிடுகிறீர். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் சேர்ந்து இறங்கியிருந்தால், நடுவே கேஸ்கெட் போயிருக்கலாம் என்று வாங்குபவர் கலங்குவாரே! அந்த இரக்கத்தில் கேஜையே ஒளித்துவைக்கிறீர்.

அடக்கத்தைச் சொல்லவே வேண்டாம். 1999 முடிவோடு பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. ஈயமில்லாத பெட்ரோலில் ஓடினால், கடினமான சீட் பொருத்தாத பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் குழியும், டேப்பெட் இடைவெளி சுருங்கும், வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். இத்தனையும் தெரிந்து வாய் திறக்காதிருக்கிறீரே!

வாங்கப் போகிறவர்களே, இவருடைய திறமை உங்கள் பணத்தில்தான் வாழ்கிறது. வண்டியை நீங்களே நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள்; ஊற்றிய எண்ணெய் பெரும்பாலும் புகையாகப் போய்விடும். பிறகு இக்னிஷனைத் துண்டித்து, நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு, உங்கள் சொந்த கேஜில் ஒவ்வொரு சிலிண்டரையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.